மதுரைக் கண் மருத்துவர்கள்: வந்த வழியும் வல்ல துறையும்

தறியில் அமர்ந்து உழைப்பவருக்குக் கையும் காலும் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் கண். பாவில் ஓர் இழை அறுந்தால் அதைத் தேடிப் பிடித்து, விழுதில் கோத்து, அச்சில் நுழைத்து, முடிந்துவிட்ட பிறகே நாடாவை மறுபடி ஓட்ட முடியும். அறுந்த இழை கண்ணில் படாமற் போனால் துணியில் குறை விழும். குறை விழுந்த துணிக்குக் கூலியும் குறையும். வயலிலும் இதே கதைதான். பருத்தி இலையின் அடியில் ஒட்டியிருக்கும் பூச்சியைக் கண்ட அன்றே கவனிப்பவர் விளைச்சலைக் காப்பாற்றுகிறார். காணாதவர், காய் உதிர்ந்த பிறகு வருந்துகிறார்.

ஆயினும் நம் வீடுகளில் நடப்பது என்ன? ஐம்பத்தைந்து வயதில் ஒருவருக்குப் பார்வை மங்கினால், "வயதாகிவிட்டது, இனி என்ன செய்வது?" என்று அவரே சொல்லிக்கொண்டு தறியை விட்டு இறங்கிவிடுகிறார். சில காலம் தார் சுற்றுகிறார். அதற்கும் கண் உதவாதபோது திண்ணைக்குப் போய்விடுகிறார். அவரைக் கைப்பிடித்து அழைத்துச் செல்ல ஒரு பேரப்பிள்ளை வேண்டியிருக்கிறது. ஒருவருடைய கண் மங்கியதில் இருவருடைய உழைப்பும் படிப்பும் கெட்டுப்போகின்றன. இவ்வாறு திண்ணைக்குச் சென்றவர்களில் மிகப் பலருக்கு இருப்பது கண்புரை. இந்தியாவில் பார்வை இழப்புக்குத் தலையாய காரணம் அதுவே. சிகிச்சையால் மீளக்கூடியதும் அதுவே.

அறுவைச் சிகிச்சை என்ற சொல்லைக் கேட்டதும் நமக்கு அச்சம் வருவது இயல்பு. நம் கண்ணில் கத்தி வைப்பவர் யார், எங்கிருந்து வந்தவர், அவருக்கு நம் நிலை தெரியுமா என்று எண்ணத் தோன்றும். அந்த அச்சம் தீர வேண்டுமானால் அந்த மருத்துவர்களை அறிந்துகொள்வதே வழி. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைத் தோற்றுவித்த அறுவை மருத்துவர்கள் எந்தக் குடும்பங்களிலிருந்து வந்தார்கள், ஒவ்வொருவரும் கண்ணின் எந்தப் பகுதியில் தேர்ந்தவர்கள், எந்தக் குறைக்கு எத்துறையை நாடவேண்டும் என்பவற்றை அங்கத்தினர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கரிசல் மண்ணிலிருந்து வந்தவர்

டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 1918ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் எட்டயபுரத்துக்கு அருகிலுள்ள வடமலாபுரம் என்னும் சிற்றூரில் உழவர் குடும்பத்தில் பிறந்தார். மழையை நம்பிப் பயிர் செய்யும் கரிசல் பூமி அது. ஆற்று மணலைப் பரப்பி அதில் விரலால் எழுதிப் படித்த தலைமுறையைச் சேர்ந்தவர். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படித்து, பின்னர் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் 1944இல் மருத்துவப் பட்டம் பெற்றார். உறவுப் பெண்கள் பிரசவத்தில் உயிரிழந்ததைக் கண்டு மனம் நொந்தவர் ஆதலால் பிரசவ மருத்துவராக வேண்டும் என்பதே அவருடைய விருப்பமாக இருந்தது.

விருப்பம் நிறைவேறவில்லை. இராணுவ மருத்துவப் பணியில் இருந்தபோது கடுமையான முடக்குவாதம் அவரைத் தாக்கியது. 1948இல் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார். நெடுங்காலம் படுக்கையில் கிடந்தார். நிற்கவும் இயலாத நிலை. கைவிரல்கள் நிரந்தரமாக வளைந்து முறுக்கிக்கொண்டன. பேனா பிடிப்பதே அரிதாக இருந்தது. நெடுநேரம் நின்று செய்யவேண்டிய பிரசவ மருத்துவத்தைக் கைவிட்டுக் கண் மருத்துவத்தைத் தேர்ந்தார். வளைந்த விரல்களுக்குப் பொருந்தும்படி கருவிகளை அமைத்துக்கொண்டு, கத்தி பிடிக்கத் தம்மைத் தாமே பழக்கினார். 1951இல் கண் மருத்துவப் பட்டயமும் 1954இல் மேற்பட்டமும் பெற்றார். 1956 முதல் மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவத் துறைத் தலைவராக இருபது ஆண்டுகள் பணியாற்றினார். அவர் தம் வாழ்நாளில் தாமே செய்த அறுவைச் சிகிச்சைகள் இலட்சத்துக்கும் மேற்பட்டவை. 1973இல் பத்மஸ்ரீ விருது பெற்றார், 2006இல் காலமானார்.

இந்த வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கை நலம் குறைந்தவர், உடலிலேயே மிக நுண்ணிய உறுப்பைத் தம் தொழிலுக்குத் தேர்ந்தார். கைப்பழக்கம் என்பது பிறவியில் வருவதன்று, நாள்தோறும் செய்து செய்து வருவது என்பதை நெசவாளர்களுக்கு எவரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

பதினொரு படுக்கையில் தொடங்கிய வீடு

1976இல், ஐம்பத்தெட்டாம் வயதில், அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றதும் மதுரையில் பதினொரு படுக்கைகளுடன் ஒரு சிறு கண் மருத்துவமனையைத் தொடங்கினார். ஸ்ரீ அரவிந்தரிடம் கொண்ட பற்றினால் அவர் பெயரையே வைத்தார். பெருந்தனக்காரர் எவரும் பின்னால் இல்லை. வீட்டை அடமானம் வைத்தே பணம் திரட்டப்பட்டது.

தனி ஒருவராக எத்தனை கண்களுக்குச் சிகிச்சை செய்ய முடியும்? ஆகையால் அவர் முதலில் நாடியது தம் குடும்பத்தை. திருமணம் செய்துகொள்ளாத அவர், தம்பி தங்கையரைப் படிக்க வைத்த மூத்தவர். அவர் தங்கை டாக்டர் கோ. நாச்சியார், தங்கையின் கணவர் டாக்டர் பெ. நம்பெருமாள்சாமி, நம்பெருமாள்சாமியின் தங்கை டாக்டர் பெ. விஜயலட்சுமி, அவர் கணவர் டாக்டர் மு. சீனிவாசன் ஆகிய நால்வரும் கண் மருத்துவர்கள். இவர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தனர். வெங்கடசாமியின் தம்பி கோ. சீனிவாசன் பொறியாளர், கட்டடமும் கணக்கும் அவர் பொறுப்பாயின. தொடக்க ஆண்டுகளில் ஊதியம் சிறிது, உழைப்புப் பெரிது.

எல்லோரும் ஒரே வேலையைச் செய்யவில்லை என்பதே இங்கு அறியத்தக்கது. கண் சிறிய உறுப்பாயினும் அதன் ஒவ்வொரு பகுதிக்கும் நோய் வேறு, சிகிச்சை வேறு. பாவு ஓடுபவர், சாயம் தோய்ப்பவர், தறியில் நெய்பவர் என்று நம் தொழிலில் பிரிவு இருப்பது போலவே அங்கும் பிரிவு வகுத்துக்கொண்டனர். அப்பிரிவுகளை ஒவ்வொன்றாகக் காண்போம்.

கண்புரை

கண்மணிக்குப் பின்னால் தெளிந்த கண்ணாடி போன்ற லென்ஸ் ஒன்று இருக்கிறது. வயது ஏற ஏற அது பால் கலந்த நீர் போல் மங்குவதே புரை. சொட்டு மருந்தாலோ பச்சிலையாலோ அது கரைவதில்லை. மங்கிய லென்ஸை எடுத்துவிட்டு வேறொன்றைப் பொருத்துவதே சிகிச்சை. முற்காலத்தில் லென்ஸை முழுமையாக எடுத்துவிட்டுத் தடித்த கண்ணாடி கொடுப்பார்கள். நோயாளி பல நாள் அசையாமல் படுத்திருக்க வேண்டும். இப்போது சிறு துளை வழியாகப் புரையை எடுத்துச் செயற்கை லென்ஸைக் கண்ணுக்குள்ளேயே வைத்துவிடுகிறார்கள். "புரை நன்றாக முற்றட்டும்" என்று காத்திருக்கும் பழக்கம் அக்காலத்தது. இன்று அது தேவையில்லை என்பது மட்டுமன்று, அளவுக்கு மீறி முற்றினால் கண்ணின் அழுத்தம் ஏறிப் பார்வைக்கே கேடு வரலாம்.

உள்லென்ஸ் முன்பு வெளிநாட்டிலிருந்து வந்தது. ஏழைக்கு எட்டாத விலை. 1992இல் மதுரையிலேயே அதனைச் செய்ய ஆரோலேப் என்னும் தொழிலகத்தை இவர்கள் தொடங்கிய பின் விலை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காக இறங்கியது.

அறுவைக்குப் பின் கண்ணுக்குள் சீழ் பிடித்துவிடுமோ என்ற பயம் பலருக்கு உண்டு. அடுத்த தலைமுறையைச் சேர்ந்த புரை அறுவை மருத்துவர்களான டாக்டர் ஹரிபிரியாவும் டாக்டர் இரவீந்திரனும் இதனை ஆராய்ந்தனர். ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகளைக் கணக்கிட்டு 2017இல் வெளியிட்ட ஆய்வின்படி, அறுவை முடிவில் கண்ணுக்குள்ளேயே கிருமிக்கொல்லி மருந்து செலுத்தாதபோது பதினாயிரத்துக்கு ஏழு பேருக்குச் சீழ் பிடித்தது. செலுத்தியபோது அது பதினாயிரத்துக்கு இரண்டாகக் குறைந்தது. ஆபத்து அறவே இல்லை என்று சொல்வது பொய்யாகும். அது எவ்வளவு சிறிது என்பதை எண்ணிப் பார்த்தால் போதும்.

கருவிழி

கண்ணின் முன்புறத்தே கடிகாரக் கண்ணாடி போல் மூடியிருப்பது கருவிழி. டாக்டர் மு. சீனிவாசன் தேர்ந்த துறை இது. உழவர்கள் மிகவும் கவனிக்க வேண்டிய துறையும் இதுவே. 1994ஆம் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் கருவிழிப் புண்ணோடு மதுரைக்கு வந்த 434 பேரை அவரும் அவர் குழுவினரும் ஆராய்ந்தனர். அவர்களில் 284 பேருக்கு அதற்குமுன் கண்ணில் காயம் பட்டிருந்தது. கிருமி கண்டறியப்பட்டவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குப் புண்ணை உண்டாக்கியது காளான் வகைக் கிருமி.

கதிர் அடிக்கும்போது பட்ட உமியும், கரும்புத் தோகையின் கீறலும், முள்ளும், மாட்டு வாலின் வீச்சும் கண்ணில் சிறு காயம் உண்டாக்குகின்றன. அக்காயத்தில் காளான் புகுந்தால் சில நாட்களில் கருவிழியே வெந்து வெளுத்துவிடும். இதற்குத் தாய்ப்பால் விடுவதும், இலைச்சாறு பிழிவதும், நாவால் தூசு எடுப்பதும் நோயை வளர்க்கும் செயல்கள். கடையில் கேட்டு வாங்கும் சில சிவப்பு நீக்கும் சொட்டு மருந்துகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். காளான் புண்ணுக்கு அது எரியும் நெருப்பில் எண்ணெய் ஊற்றியது போன்றது. ஆகவே கண்ணில் கீறல் பட்டால் அன்றே மருத்துவரிடம் செல்லவேண்டும்.

எந்த மருந்து நல்லது என்பதையும் இவர்கள் சோதித்தே கண்டனர். டாக்டர் வெங்கடேஷ் பிரஜ்னாவும் பிறரும் 323 நோயாளிகளைக் கொண்டு நடத்தி 2013இல் வெளியிட்ட சோதனையில், விலையேறிய புது மருந்தைவிடப் பழைய நாட்டமைசின் சொட்டு மருந்தே காளான் புண்ணுக்குச் சிறந்ததென முடிவாயிற்று. புண் ஆறியும் வெள்ளைத் தழும்பு நின்றுவிட்டால் இறந்தவர் அளித்த கருவிழியைப் பொருத்துவது ஒன்றே வழி. இறந்த ஆறு மணி நேரத்துக்குள் கண்ணை எடுக்கவேண்டுமாதலால் துக்க வீட்டில் ஒருவராவது இதனை நினைவில் வைத்திருத்தல் நலம்.

விழித்திரை

கண்ணின் பின்புறச் சுவரில் படிந்திருக்கும் மெல்லிய திரையில்தான் உருவம் விழுகிறது. தேனிப் பகுதியின் உழவர் குடும்பத்தில் பிறந்த டாக்டர் நம்பெருமாள்சாமி, அமெரிக்காவில் இத்துறையைக் கற்று வந்து மதுரையில் வேரூன்றச் செய்தவர். 2007இல் பத்மஸ்ரீ பெற்றார். நீரிழிவு நோயால் விழித்திரை கெடுவதை முன்னரே கண்டறிய ஊர் ஊராகச் சோதனை நடத்துவதில் அவர் பெருமுயற்சி எடுத்தார். இந்நோயின் கொடுமை யாதெனில், கண் நன்றாகத் தெரியும்போதே உள்ளே கேடு வளர்ந்துகொண்டிருக்கும். மங்கிய பின் வந்தால் போனதில் பெரும்பகுதி மீள்வதில்லை. லேசர் ஒளியாலும் ஊசி மருந்தாலும் எஞ்சியதைக் காக்கலாம். ஆகவே நீரிழிவு உள்ள ஒவ்வோர் அங்கத்தினரும், கண்ணில் குறை இல்லையென்றாலும், ஆண்டுக்கொரு முறை விழித்திரையைக் காட்டுதல் கடமை.

குழந்தைகளின் கண்

டாக்டர் விஜயலட்சுமியின் துறை குழந்தைக் கண் மருத்துவமும் மாறுகண் சிகிச்சையும் ஆகும். மாறுகண் அதிர்ஷ்டம் என்பார் நம்மில் உளர். அதிர்ஷ்டமன்று, கவனியாது விட்டால் அந்தக் கண் பார்க்கவே கற்றுக்கொள்ளாமல் சோம்பிப்போகும். குழந்தையின் கண்மணியில் வெண்மை தெரிந்தால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. கருவுற்ற தொடக்க மாதங்களில் தாய்க்கு ரூபெல்லா என்னும் அம்மை கண்டால் குழந்தை புரையோடு பிறக்கக்கூடும் என்பதைப் பற்றி இவர் நெடுங்காலம் ஆராய்ந்தார். அதற்கான தடுப்பூசி இயக்கம் 2017இல் தமிழ்நாட்டில் தொடங்கியது. நம் பெண் குழந்தைகளுக்கு அதனைப் போடத் தவறுதல் கூடாது.

கண் நீர் அழுத்த நோய்

இதற்கும் தனிப் பிரிவு உண்டு. வலி இல்லாமல், பார்வையின் ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வரும் நோய் இது. புரையில் இழந்த பார்வை மீளும். இதில் இழந்தது மீளாது. சொட்டு மருந்தும் அறுவையும் இருப்பதைக் காக்க மட்டுமே உதவும். நாற்பது வயதைக் கடந்தவர், குறிப்பாகப் பெற்றோர்க்கோ உடன்பிறந்தார்க்கோ இந்நோய் உள்ளவர், கண் அழுத்தத்தைச் சோதித்துக்கொள்ளவேண்டும்.

கத்தி பிடிக்காத கைகள்

டாக்டர் நாச்சியாரும் புரை அறுவையில் தேர்ந்தவரே. எனினும் அவர் செய்த பெரும் பணி வேறு. கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்து ஈராண்டு பயிற்சி அளித்துக் கண் மருத்துவப் பணியாளர்களாக ஆக்கினார். 2024இல் அவருக்குப் பத்மஸ்ரீ அளிக்கப்பட்டது. பார்வையை அளப்பது, அழுத்தம் பார்ப்பது, லென்ஸின் அளவைக் கணக்கிடுவது, நோயாளியை மேசைக்குத் தயார் செய்வது ஆகியவை எல்லாம் இப்பெண்களின் கையில் உள்ளன. மருத்துவர் செய்வது அவர் மட்டுமே செய்யக்கூடிய அறுவை ஒன்றைத்தான். அவருக்கு இரண்டு மேசைகள். ஒன்றில் அறுவை நடக்கையில் மற்றொன்றில் அடுத்தவர் ஆயத்தமாக இருப்பார். முடிந்ததும் உருப்பெருக்கியை அப்பக்கம் திருப்பிக்கொள்வார். இதனால் ஒரு மருத்துவர் மற்ற இடங்களில் செய்வதைப்போல் பல மடங்கு அறுவைகளைச் செய்ய இயலுகிறது. நாள்தோறும் ஒரே வேலையைச் செய்வதால் கையும் தேர்கிறது.

செலவு எப்படிக் கட்டுகிறது?

அரவிந்த் மருத்துவமனை கூட்டுறவுச் சங்கம் அன்று, ஓர் அறக்கட்டளை. ஆயினும் அதன் கணக்கைப் பார்த்தால் கூட்டுறவாளருக்கு மகிழ்ச்சி உண்டாகும். கட்டணம் செலுத்துவோர் உண்டு; குறைந்த கட்டணத்திலும் இலவசமாகவும் சிகிச்சை பெறுவோர் பாதிக்கு மேல் உண்டு. முன்னவர் கொடுப்பதன் மிச்சம் பின்னவருக்கு உதவுகிறது. தனி அறையும் லென்ஸ் வகையும் கட்டணத்துக்கேற்ப மாறும். மருத்துவர்களோ இரு பிரிவுகளிலும் முறை வைத்துப் பணி செய்கின்றனர். இலவசம் என்பதால் கை தாழ்ந்தது என்று எவரும் கருத வேண்டியதில்லை. தேனி, திருநெல்வேலி, கோயம்புத்தூர், புதுச்சேரி எனப் பிற ஊர்களிலும் இம்மருத்துவமனை வளர்ந்தது இவ்வழியாலேயே.

இலவசமாயினும் வராதது ஏன்?

1999இல் வெளியான ஓர் ஆய்வு, மதுரை வட்டாரத்தில் கண் முகாம் நடந்த ஊர்களில் கண் குறை உடையோருள் நூற்றுக்கு ஏழு பேர்கூட அம்முகாமுக்கு வரவில்லை என்று காட்டியது. அறுவை இலவசம்; ஆனால் பஸ் கட்டணமும், துணைக்கு வருபவரின் ஒரு நாட்கூலியும், சாப்பாட்டுச் செலவும் இலவசமல்லவே. அச்சமும் சேர்ந்துகொண்டது. "சமாளித்துக்கொள்கிறேன்" என்னும் சொல்லும் சேர்ந்துகொண்டது. போக்குவரத்தும் உணவும் சிகிச்சையோடு சேர்த்தே அளிக்கப்பட்டதும், 2004 முதல் சிற்றூர்களுக்கு அருகே நிலையான கண் பார்வை மையங்கள் அமைக்கப்பட்டதும் இக்குறையை உணர்ந்ததன் பயனாகும். அத்தகைய மையங்கள் இன்று நூற்றுக்கு மேல் உள்ளன.

எல்லோருக்கும் கத்தி தேவை என்பதும் இல்லை. நாற்பதைத் தாண்டியவர்க்கு அருகிலுள்ள இழை தெரியாமற்போவது பெரும்பாலும் வெள்ளெழுத்தே. ஒரு கண்ணாடி போதும். அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயதுக்கு மேற்பட்ட 751 தொழிலாளரைக் கொண்டு நடத்தி 2018இல் வெளியிட்ட சோதனையில், கிட்டப்பார்வைக் கண்ணாடி அணிந்தோர் பறித்த இலை, அணியாதோர் பறித்ததைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மிகுந்தது. இலைக்குப் பொருந்துவது இழைக்குப் பொருந்தாதா?

நாம் செய்யவேண்டுவது

மருத்துவர்கள் தம் பங்கைச் செய்துவிட்டனர். எஞ்சியிருப்பது சங்கத்தின் பங்கும் அங்கத்தினரின் பங்கும். நாற்பது வயதைக் கடந்த அங்கத்தினர் அனைவரின் பெயரையும் ஒவ்வொரு சங்கமும் எழுதி, ஆண்டுக்கொரு முறை கண் சோதனைக்கு நாள் குறித்தல் கடினமன்று. கூலி பட்டுவாடா நாளில் நூலின் தரம் காணும் மேசையருகே ஒரு பார்வை அட்டையைத் தொங்கவிடலாம். அறுவைக்குச் செல்பவர் தனியே போகாமல், நால்வர் ஐவராகச் சேர்ந்து செல்ல ஏற்பாடு செய்யலாம். ஒருவருக்கு ஒருவர் துணையானால் கூலி இழப்பும் குறையும், பயமும் குறையும். முன்னரே அறுவை செய்துகொண்டு தறிக்குத் திரும்பியவர் ஒருவர் உடன் சென்றால் அதைவிடச் சிறந்த தைரியம் வேறில்லை.

முறுக்கிய விரல்களோடு ஒருவர் இலட்சம் கண்களைத் திறந்தார். தாமாக முடியாததைத் தங்கையும் மைத்துனரும் கிராமத்துப் பெண்களும் சேர்ந்து முடித்தனர். அத்தனை கைகளும் ஆயத்தமாக நிற்கையில், "வயதாகிவிட்டது" என்று சொல்லித் திண்ணையில் அமர்ந்திருப்பவர் உங்கள் தெருவில் எவரேனும் இருக்கிறாரா? இந்த இதழை மடித்து வைக்குமுன் அவர் வீட்டுக்கு ஒரு நடை சென்று வாருங்கள்.